"எத்தனை நாளாக இப்படி?": இளவயது மாற்றங்களும் பிற்கால உடல்நலமும்

நாற்பத்தைந்து வயதில் முதல்முறையாக ரத்த அழுத்தம் கூடியிருப்பதாகத் தெரியவரும் ஒருவரிடம் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?" என்பதாகத்தான் இருக்கும். அவரும் யோசித்துப் பார்த்து, "ரெண்டு மாசமா தலைவலி இருக்கு டாக்டர்" என்பார். அது அவருக்குத் தெரிந்த கணக்கு. அவருடைய ரத்தக் குழாய்களிடம் கேட்க முடிந்தால் வேறு கணக்கு சொல்லும். அது பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். அவர் வீட்டை விட்டு வெளியே வந்த வருடம், முதல் வேலை கிடைத்த வருடம், அல்லது வேலை கிடைக்காமல் காத்திருந்த வருடம்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கணக்கைப் பற்றியது. ஏறக்குறைய 18 வயதிலிருந்து 30 வயது வரை அடுத்தடுத்து வரும் வாழ்க்கைத் திருப்பங்கள், பின்னாளில் இதயத்திலும் எலும்பிலும் மனத்திலும் எப்படித் தெரிகின்றன என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். மருத்துவப் படிப்பு எதுவும் தேவையில்லை.

மாற்றம் என்று எதைச் சொல்கிறோம்?

பள்ளியை முடிப்பது, மேற்படிப்புக்குப் போவது அல்லது போக முடியாமல் போவது, பெற்றோர் வீட்டை விட்டுக் கிளம்புவது, முதல் சம்பளம், ஊர் மாறுவது, ஒருவரோடு சேர்ந்து வாழத் தொடங்குவது, குழந்தை பிறப்பது, உறவு முறிவது. இவற்றில் ஏதோ ஒன்று எந்த வயதிலும் நடக்கலாம். ஆனால் இவ்வளவும் முண்டியடித்துக்கொண்டு வருவது இந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான். அதற்கு முன்னால் வரை நம் நாளை வீடும் பள்ளியும் வகுத்துக் கொடுத்தன. எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது, யாரோடு விளையாடுவது எல்லாம் கிட்டத்தட்ட முடிவாகியிருந்தன. முப்பதுக்குப் பிறகு பலருக்கும் நாள் ஒரு தடத்தில் விழுந்துவிடுகிறது. நடுவில் கிடக்கும் இந்தக் காலத்தில்தான் பழைய ஒழுங்கு மொத்தமாக அவிழ்ந்து, புதிய ஒழுங்கு கட்டப்படுகிறது. அந்தப் புதுக்கட்டு நெடுநாள் நிற்கிறது. நான் சொல்ல வருவதன் சாரம் இவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான விளக்கம்.

இந்த வயதுக்குத் தனிப் பெயரே உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000ஆம் ஆண்டில் 18 முதல் 25 வரையிலான காலத்தை 'முகிழ்க்கும் முதிர்பருவம்' என்ற பொருளில் அழைத்தார். பதின்வயதும் முடிந்துவிட்டது, முழுப் பெரியவரும் ஆகவில்லை என்ற இடைநிலை. பல நாடுகளில் படிப்புக் காலம் நீண்டு, திருமணமும் குழந்தைப் பேறும் தள்ளிப்போனதால் இந்த இடைவெளி முன்பைவிடப் பெரிதாகிவிட்டது.

மனித வாழ்க்கையை இப்படி ஒரு தொடர்ச்சியாக வைத்துப் பார்க்கும் முறைக்கு 'வாழ்க்கைப் போக்கு அணுகுமுறை' என்று பெயர். அதற்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் சமூகவியலாளர் க்ளென் எல்டர். 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து, பெர்க்லி ஆகிய ஊர்களில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிய பல ஆண்டுப் பதிவுகளை அவர் ஆராய்ந்தார். ஒரே நெருக்கடிதான், ஆனால் பதின்வயதில் அதைச் சந்தித்தவர்களைவிட, சின்னக் குழந்தைகளாகச் சந்தித்தவர்களை, அதிலும் ஆண் குழந்தைகளை, அது அதிகமாகப் பாதித்திருந்தது. என்ன நடந்தது என்பதோடு எந்த வயதில் நடந்தது என்பதும் சேர்ந்துதான் விளைவைத் தீர்மானிக்கிறது என்று அவர் காட்டினார். இன்னொன்றையும் அவர் அழுத்திச் சொன்னார்: ஒருவருடைய வாழ்க்கை அவரோடு நிற்பதில்லை, கூட இருப்பவர்களின் வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கிறது. இந்த இரண்டு எண்ணங்களும் கட்டுரை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

உடம்பு இன்னும் கட்டி முடியாத வயது

இருபது வயது உடம்பைப் பார்த்தால் நோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதது போல இருக்கும். இரண்டு நாள் தூங்காமல் இருந்தாலும் மூன்றாம் நாள் தேறிவிடும். அதனாலேயே அந்த வயதில் நடப்பதெல்லாம் சுவடில்லாமல் போய்விடும் என்று நினைத்துவிடுகிறோம்.

1953இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை இந்த நம்பிக்கையை அசைத்தது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களை மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். அவர்களின் சராசரி வயது 22. அவர்களில் 77 சதவீதத்தினருக்கு இதயத் தமனிகளில் நோயின் அறிகுறிகள் ஏதோ ஒரு அளவில் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தன. அதுவரை மாரடைப்பு என்பது நடுவயதில் முளைக்கும் நோய் என்றே பொதுவாகக் கருதப்பட்டது. நடுவயதில் வருவது அதன் கடைசிக் கட்டம் என்பதும், தமனிச் சுவரில் கொழுப்பு படியத் தொடங்குவது அதற்குப் பல பத்தாண்டுகள் முன்னால் என்பதும் அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. ஒவ்வொரு நாளும் மிக மிக மெல்லிய படிவு. வலி இல்லை, அறிகுறி இல்லை.

எலும்புக்கு இன்னொரு வகைக் கணக்கு. பெண்களுக்கு ஏறக்குறைய 18 வயதுக்குள்ளும் ஆண்களுக்கு 20 வயதுக்குள்ளும் எலும்பு வலுவின் 90 சதவீதம் சேர்ந்துவிடுகிறது. இருபதுகளின் பிற்பகுதி வரை இன்னும் கொஞ்சம் சேரும். அதற்கப்புறம் சேமிப்பு முடிந்தது. இருப்பதை வைத்துத்தான் மிச்ச வாழ்க்கையை ஓட்ட வேண்டும். எழுபது வயதில் தடுக்கி விழுந்தவருக்கு இடுப்பெலும்பு முறிவதற்கும் முறியாமல் இருப்பதற்கும் பின்னால், அவர் இருபது வயதில் என்ன சாப்பிட்டார், எவ்வளவு நடந்தார், ஓடினார் என்பதும் ஒரு காரணமாக நிற்கிறது.

மூளையும் முழுமையாகிவிடவில்லை. திட்டமிடுவதற்கும் ஆசையைத் தள்ளிப்போடுவதற்கும் உதவும் நெற்றிப்பகுதி மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. மனநலக் கோளாறுகள் தலைகாட்டும் வயதும் இதுதான். 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றின்படி, வாழ்நாளில் எப்போதாவது மனநலக் கோளாறுக்கு ஆளாகிறவர்களில் பாதிப் பேருக்கு 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசிப் பேருக்கு 24 வயதுக்குள்ளும் அது தொடங்கிவிடுகிறது. வீட்டையும் பழைய நண்பர்களையும் விட்டு விலகும் அதே ஆண்டுகள். துணை அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் பலருக்கும் துணை குறைகிறது. இது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் ஒரு பொருத்தம்.

பழக்கம் படிகிற நேரம்

பழக்கம் என்பதை மனவலிமையின் விஷயமாகவே நாம் பேசிப் பழகிவிட்டோம். உண்மையில் பழக்கம் பெரும்பாலும் இடத்தோடும் நேரத்தோடும் ஆட்களோடும் ஒட்டியிருக்கிறது. பள்ளியில் விளையாட்டு நேரம் என்று ஒன்று இருந்தது, அதனால் ஓடினோம். மணி அடித்தது, அதனால் சாப்பிட்டோம். அந்த இடம் மாறும்போது அதோடு ஒட்டியிருந்த பழக்கமும் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடுகிறது.

என் முதல் வேலையில் பொழுது சாய்வதற்கு முன்னால் நான் வெளியே வந்த நாள்கள் மிகக் குறைவு. பள்ளி நாள்களில் தினமும் ஓடியாடிக்கொண்டிருந்த நான், அந்த இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட ஓடவில்லை என்பது ரொம்ப காலம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. ஓடாதே என்று யாரும் சொல்லவில்லை. ஓடுவதை விட்டுவிடலாம் என்று நானும் முடிவெடுக்கவில்லை. அந்த முடிவு எங்கேயுமே எடுக்கப்படவில்லை, அதுதான் விஷயம்.

இது என் கதை மட்டும் இல்லை. இளைஞர்களின் உடலுழைப்பைத் தொடர்ந்து அளந்த பல ஆய்வுகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் தொகுத்துப் பார்த்தார்கள். பள்ளியை விட்டு வெளியேறும் கட்டத்தில் ஓரளவு வேகமான உடலியக்கம் நாளொன்றுக்குச் சுமார் 7 நிமிடம் குறைவது தெரிந்தது. ஏழு நிமிடம் என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் அந்தக் குறைவு அப்படியே நிலைத்துவிட்டால், ஆண்டுக்கு நாற்பது மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது.

உடல் எடையும் இப்படித்தான் ஏறுகிறது. நடுவயதில் எடை போட்டுவிட்டது என்று சொல்கிறோமே தவிர, அந்த ஏற்றம் பலருக்கும் வேலைக்குப் போன முதல் ஆண்டுகளிலேயே தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் செவிலியர்களையும் பிற மருத்துவத் துறையினரையும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த இரண்டு பெரிய ஆய்வுகளின் தரவை வைத்து 2017இல் ஒரு கணக்கு வந்தது. பெண்களுக்கு 18 வயது, ஆண்களுக்கு 21 வயது எடையைத் தொடக்கமாக வைத்து, 55 வயதுக்குள் எவ்வளவு ஏறியது என்று பார்த்தார்கள். கூடிய ஒவ்வொரு 5 கிலோவுக்கும் இரண்டாம் வகை சர்க்கரை நோய்க்கான அபாயம் சுமார் 30 சதவீதமும், உயர் ரத்த அழுத்தத்துக்கான அபாயம் 14 சதவீதமும் அதிகரித்திருந்தது. முப்பது ஆண்டுகளில் 5 கிலோ என்பது ஆண்டுக்கு இருநூறு கிராம்கூட இல்லை. கண்ணாடியில் யாருக்கும் தெரியாத ஏற்றம்.

புகைப்பழக்கம் பற்றி ஒன்றே ஒன்று போதும்: அமெரிக்கத் தரவுகளின்படி, தினமும் புகைப்பவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே 26 வயதுக்குள் முதல் முறை புகைத்துப் பார்த்தவர்கள். அந்த வயதை அது இல்லாமல் கடந்துவிட்டவருக்குப் பிறகு அது பழக்கமாவது மிக அரிது.

இதையெல்லாம் ஒன்றாக வைத்துக் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. இந்தத் துறைக்கு அது ஒரு தூண் மாதிரி. பெயர் கார்டியா. 1985-86இல் அமெரிக்காவின் பர்மிங்ஹாம், சிகாகோ, மினியாபொலிஸ், ஓக்லாந்து ஆகிய நான்கு நகரங்களில் 18 முதல் 30 வயது வரையிலான 5,115 பேரைச் சேர்த்துக்கொண்டு, அவர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் பரிசோதித்து வருகிறார்கள். அதிலிருந்து 2012இல் ஒரு முடிவு வெளியானது. உடல் எடை மிகாமை, புகைக்காமை, மது இல்லாமை அல்லது மிதமான அளவு, நல்ல உணவு, போதிய உடலுழைப்பு என ஐந்தையும் இளவயது முழுக்கக் கடைப்பிடித்தவர்களில் சுமார் 60 சதவீதத்தினர், நடுவயதை எட்டியபோது இதய நோய்க்கான அபாயம் மிகக் குறைவான நிலையில் இருந்தார்கள். அந்த ஐந்தில் ஒன்றுக்கு மேல் இல்லாதவர்களிடம் இது 3 சதவீதம்தான்.

வேலை, பணம், காத்திருப்பு

இதுவரை படித்ததை வைத்து, சரி, இளைஞர்கள் ஒழுங்காகச் சாப்பிட்டு ஓடினால் போதும் என்று நினைத்தால் பாதிதான் புரிந்திருக்கிறது. மீதிப் பாதி யாருடைய கையிலும் இல்லாத விஷயங்களில் இருக்கிறது. எந்த வருடத்தில் வேலை தேட வேண்டியிருந்தது என்பது அதில் ஒன்று.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொருளாதாரம் சறுக்கியது. 1982 முடியும்போது வேலையின்மை 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்துப் படிப்பை முடித்து வெளியே வந்தவர்களுக்கு என்ன ஆனது என்று ஹானஸ் ஷ்வாண்ட், டில் ஃபான் வாக்டர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். நல்ல காலத்தில் வேலைக்கு வந்தவர்களோடு ஒப்பிட்டால், இவர்களின் வருமானம் முதல் சில ஆண்டுகளில் குறைவாக இருந்தது. இது எதிர்பார்க்கக் கூடியதுதான். ஆனால் முப்பதுகளின் பிற்பகுதியிலிருந்து இவர்களிடையே இறப்பு விகிதமும் கூடத் தொடங்கியது. இதய நோய், நுரையீரல் புற்றுநோய், கல்லீரல் நோய், போதை மருந்து நச்சு ஆகியவையே பெரும்பாலான காரணங்கள். தேக்கம் எப்போதோ முடிந்துவிட்டது, அவர்களில் பெரும்பாலோர் வேலையிலும் சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து அதன் தடம் தெரிகிறது.

வேலையில்லாமல் இருப்பதன் தடம் மனத்திலும் இருக்கிறது. ஸ்வீடனின் வடக்கே லூலியோ என்ற ஊரில் 1981இல் கட்டாயப் பள்ளியை முடித்த 1,083 பேரை நடுவயது வரை பின்தொடர்ந்தார்கள். இளவயதில் வேலையில்லாமல் இருந்தவர்களுக்கு 42 வயதிலும் மனநலம் ஒப்பீட்டளவில் மோசமாகவே இருந்தது. இதை 'வடு' என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். காயம் ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது.

இது எப்படி நடக்கிறது? ஒரு வழி, பணம். முதல் வேலை சிறியதாக அமைந்தால் அடுத்ததும் அதை ஒட்டியே அமைகிறது. வாடகை, உணவு, மருத்துவம் எல்லாம் அதற்கேற்பச் சுருங்குகின்றன. ஒன்று இன்னொன்றை இழுத்துவரும் சங்கிலி இது. இன்னொரு வழி, உடம்புக்குள்ளேயே ஓடுகிறது. ஆபத்து வந்தால் சமாளிக்க உடம்பு கார்டிசால் போன்ற சுரப்புகளை வெளிவிடும்; இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும். நாய் துரத்தினால் ஓடித் தப்பிக்க இது உதவும். நாய் போனதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் அடுத்த மாதம் என்ன செய்வது என்ற கவலை துரத்துவதை நிறுத்துவதே இல்லை. அவசரத்துக்கென்று இருக்கும் ஏற்பாட்டை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஓட விட்டால், அதைத் தாங்கும் உறுப்புகள் தேய்கின்றன. ரத்த அழுத்தம், சர்க்கரை, வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, உடம்பின் உள்ளழற்சி எல்லாம் சேர்ந்து ஏறுகின்றன. இப்படிச் சேரும் தேய்மானத்துக்கு 1993இல் புரூஸ் மெக்யுவன், எலியட் ஸ்டெல்லர் என்ற அறிவியலாளர்கள் ஒரு தனிச் சொல்லே உருவாக்கினார்கள். தமிழில் அதை 'தேய்மானச் சுமை' என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு பெரிய அதிர்ச்சியைவிட, முடிவே தெரியாமல் நீளும் சின்னச் சின்ன நெருக்கடிகள் இந்தச் சுமையை அதிகம் ஏற்றக்கூடும்.

இருபத்திரண்டு வயதில் வேலை கிடைக்காமல் அறையில் முடங்கிக் கிடக்கும் ஒருவரைப் பார்த்து, "எழுந்து ஓடுடா, உடம்பு நல்லாயிருக்கும்" என்று சொல்வது எளிது. சொல்பவரின் எண்ணம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அவருக்கு அந்த நேரத்தில் கிடைக்கும் ஒரு பயிற்சி வாய்ப்பு, ஒரு சின்ன உதவித்தொகை, அல்லது ஒரு நிலையான வேலை, அவருடைய ஐம்பது வயது இதயத்துக்கும் சேர்த்துச் செய்யும் சிகிச்சை என்று நான் நம்புகிறேன். இளைஞர் வேலைவாய்ப்பை நிதித்துறை விவகாரமாக மட்டும் வைத்துப் பேசுவது போதாது.

கூட இருப்பவர்கள்

எல்டர் சொன்ன 'பின்னிக் கிடக்கும் வாழ்க்கைகள்' என்பது வீட்டுக்குள் மிகத் தெளிவாகத் தெரியும். அமெரிக்காவில் 12,067 பேரின் உறவு வலையை 1971 முதல் 2003 வரையிலான பதிவுகளிலிருந்து ஆராய்ந்தபோது, கணவனோ மனைவியோ புகைப்பதை விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்ததாகத் தெரிந்தது. யாரோடு வாழத் தொடங்குகிறோம் என்பது அந்த அளவுக்கு வேலை செய்கிறது.

திருமணமோ சேர்ந்து வாழ்வதோ எல்லா வகையிலும் நன்மை என்றும் சொல்லிவிட முடியாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1975 முதல் நடத்திவரும் தொடர் ஆய்வில், திருமணத்தையும் குழந்தையையும் ஒட்டி மது, போதைப் பழக்கம் குறைவது திரும்பத் திரும்பத் தெரிகிறது. அதே சமயம் எடை கூடுகிறது. இளம் அமெரிக்கர்களை வைத்து 2009இல் வந்த ஓர் ஆய்வில், காதலித்துக்கொண்டு தனித்தனியே இருந்தவர்களைவிட, திருமணமானவர்களிடம் உடற்பருமன் அதிகமாக இருந்தது. ஒரே மாற்றம் கல்லீரலுக்கு நல்லது செய்து இடுப்புச் சுற்றளவுக்குக் கெடுதல் செய்யலாம். உறவு கசப்பாக இருந்தால், நான் மேலே சொன்ன தேய்மானச் சுமை வீட்டுக்குள்ளேயே ஏறும். ஆகவே 'திருமணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்' என்பது மருத்துவ ஆலோசனை ஆகாது.

குழந்தை பிறந்ததும் மாறுகிறவற்றில் தூக்கத்தைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகக் கவலைப்படுகிறோம். ஜெர்மனியில் 4,659 பெற்றோர்களின் தூக்கத்தைப் பல ஆண்டுகள் கேட்டறிந்து 2019இல் வெளியிட்டார்கள். முதல் மூன்று மாதங்களில் தாய்மார்களுக்கு, முன்பிருந்ததைவிட நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தூக்கம் குறைந்தது. தந்தையர்களுக்குச் சுமார் 15 நிமிடம். ஆறு ஆண்டுகள் கழித்தும் இருவருக்குமே தூக்கம் பழைய அளவுக்குத் திரும்பியிருக்கவில்லை. தூக்கக் குறைவு பசியைத் தூண்டுகிறது, இன்சுலின் வேலை செய்யும் திறனைக் குறைக்கிறது, மனநிலையைக் கெடுக்கிறது. இளம் தாயைப் பார்க்க வருகிறவர்கள் குழந்தையைக் கொஞ்சுவதற்குப் பதிலாக அவரை இரண்டு மணி நேரம் தூங்க விட்டால் அது பெரிய உதவி.

இதுதான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

நல்ல கேள்வி. இந்தத் துறையில் இருக்கிறவர்களே தங்களை விடாமல் கேட்டுக்கொள்ளும் கேள்வியும் இதுதான். திருமணமானவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்றால், திருமணம் ஆரோக்கியத்தைக் கொடுத்ததா? இல்லை, ஆரோக்கியமாக இருந்தவர்களுக்குத்தான் திருமணம் சீக்கிரம் கூடியதா? வேலையில்லாதவருக்கு மனச்சோர்வு வந்ததா, மனச்சோர்வு இருந்ததால் வேலை கிடைக்கவில்லையா? பாதி மக்களுக்கு வேலை கொடுத்து, மீதிப் பாதிக்குக் கொடுக்காமல் சோதனை செய்து பார்க்க முடியாது.

அதனால்தான் 1982 தேக்க ஆய்வு போன்றவை மதிப்புள்ளவை. எந்த வருடத்தில் பிறப்பது என்பதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. 1978இல் வேலைக்கு வந்தவரும் 1982இல் வந்தவரும் திறமையிலோ பழக்கத்திலோ சராசரியாக வேறுபட்டவர்கள் இல்லை. வெளியே இருந்த காலம்தான் வேறு. அப்புறம் வந்த வேறுபாட்டுக்கு அந்தக் காலத்தைக் காரணம் சொல்ல முடிகிறது. இரட்டையர்களை ஒப்பிடுவது, பிறந்ததிலிருந்தே ஒரே ஆட்களைத் தொடர்ந்து பார்ப்பது ஆகியவையும் உதவுகின்றன. பிரிட்டனில் 1946 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த 5,362 பேரை முதுமை வரை பின்தொடர்ந்துவருகிறார்கள். அப்படிப்பட்ட ஆய்வில் ஒருவருடைய குழந்தைப்பருவ உடல்நலமும் பதிவில் இருக்கும் என்பதால், எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று பிரித்துப் பார்க்கலாம். கவனத்தில் வைக்க வேண்டிய இன்னொன்று, இவையெல்லாம் ஆயிரக்கணக்கானவர்களின் சராசரிகள். இருபதுகளில் தடுமாறிய ஒவ்வொருவரும் ஐம்பதில் நோயாளியாவார் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

திரும்ப முடியுமா?

முடியும். இளவயதைத் தாண்டிவிட்டவர்கள் இதைப் படித்து மனம் தளர்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்லும் ஆறுதல் இல்லை. அளந்து பார்த்த உண்மை. பிரிட்டிஷ் ஆண் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ரிச்சர்ட் டால் குழுவினரின் முடிவுகள் 2004இல் வந்தன. புகைப்பதை விடாதவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு அதில் 3 ஆண்டுகள் திரும்பக் கிடைத்தன. 50இல் விட்டவர்களுக்கு 6. 40இல் விட்டவர்களுக்கு 9. 30இல் விட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட முழுசாக 10 ஆண்டும். சீக்கிரம் திரும்புவது எவ்வளவு லாபம் என்பதும், பிந்தித் திரும்புவதும் வீண் இல்லை என்பதும் இந்த நான்கு எண்களில் இருக்கின்றன. கார்டியா ஆய்விலும் இதே மாதிரி ஒன்று தெரிந்தது. இருபதுகளுக்கும் நாற்பதுகளுக்கும் இடையே பழக்கங்களை நல்ல பக்கம் மாற்றிக்கொண்டவர்களின் இதயத் தமனிகளில் சுண்ணாம்புப் படிவு குறைவாக இருந்தது. கெட்ட பக்கம் போனவர்களுக்கு அதிகமாக இருந்தது.

ஒரே வயதுக்காரர்கள் எவ்வளவு தூரம் விலகிப் போகிறார்கள் என்பதை நியூசிலாந்தின் டனீடின் ஆய்வு காட்டியது. 1972-73இல் அந்த ஊரில் பிறந்தவர்களின் இதயம், நுரையீரல், சிறுநீரகம் முதலியவை எப்படிச் செயல்படுகின்றன என்பதை 26 வயதிலிருந்து 38 வயது வரை அளந்தார்கள். 38 வயதில் அவர்களின் உடல் வயதைக் கணக்கிட்டபோது, ஒரு ஓரத்தில் 28 வயது உடம்பு, மறு ஓரத்தில் 61 வயது உடம்பு. பெரும்பாலோர் நாற்பதை ஒட்டியே இருந்தார்கள் என்றாலும் அந்த அகலம் திகைக்க வைக்கிறது. அத்தனையும் அவர்களில் பெரும்பாலானோருக்கு எந்த நோயும் கண்டுபிடிக்கப்படாத வயதில்.

சரி, மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே என்ன செய்யலாம்? பழைய ஒழுங்கு அவிழ்ந்து கிடக்கும் அதே நேரம்தான் புதிய பழக்கத்தை நுழைக்க எளிதான நேரமும். இங்கிலாந்தில் 800 பேரிடம் நடந்த ஒரு சோதனையில், சுற்றுச்சூழலுக்கு உகந்த பழக்கங்களை ஊக்குவிக்கும் முயற்சி, புதிதாக வீடு மாறியவர்களிடம் கூடுதலாகப் பலித்தது. அந்த வாய்ப்பு வீடு மாறிய முதல் மூன்று மாதம் வரைதான் நீடித்தது. உடல்நலப் பழக்கங்களுக்கும் அதே இயல்பு இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அதனால் புது ஊர், புது வேலை, புது வீடு என்று எது வந்தாலும் முதல் வாரத்திலேயே நடைக்கும் தூக்கத்துக்கும் ஒரு நேரத்தைப் போட்டுவிடுவது நல்லது. எல்லாம் அடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அடங்கும்போது எது இருந்ததோ அதுதான் நிலைக்கும். அந்த நேரத்தில் ஒருமுறை ரத்த அழுத்தத்தையும் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் எந்த மருத்துவர் "எத்தனை நாளாக?" என்று கேட்டாலும் அந்த ஒரு எண் உதவும்.

கார்டியா ஆய்வு இன்னும் முடியவில்லை. 1985இல் 18 வயதில் சேர்ந்தவர்களே இப்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் இதயத்தைப் பார்த்துவந்தவர்கள் இப்போது மூளையையும் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். இருபதுகளிலிருந்தே ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தவர்கள், ஐம்பது வயதுவாக்கில் நினைவாற்றல், சிந்தனை வேகம் தொடர்பான சோதனைகளில் சற்றுப் பின்தங்கியிருந்ததாக 2014இல் ஒரு முடிவு வந்தது. எழுபதிலும் எண்பதிலும் அவர்களுக்கு என்ன தெரியவரும் என்பதற்கான அளவீடுகள் இன்னும் எடுக்கப்பட வேண்டியிருக்கின்றன.